பெனரில் இருந்த வாய்

எட்டடிக்கு நாலடி பெனரில் ஒரு மனிதனின் கன்னத்தை எவ்வளவு பெரிதாக்கினால் படம் உடையாமல் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தொழில் அதுதான். திருகோணமலை நகரில் சின்னதாய் ஒரு கடை, இரண்டு கொம்பியூட்டர், ஒரு பழைய பிரின்டர். கல்யாணம், சாமத்திய வீடு, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா, தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக்காரரின் சிரிப்பும் என்று எதுவும் என் கையால் போகும். ஒரே நாளில் ஒருவரின் பிறந்தநாளையும் இன்னொருவரின் முப்பத்தொராம் நாளையும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். படம் என்பது எனக்குப் பெரும்பாலும் அளவும் நிறமும்தான். அந்தப் பெனர் வேலை வந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

கொரோனாவுக்கு முந்திய காலம். கழகப் பெடியன்கள் நாலு பேர் வந்தார்கள். வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு ஒரு நடைபவனி வைக்கிறார்களாம், முன்னுக்குப் பிடித்துக்கொண்டு போவதற்கு ஒரு பெனர் வேண்டும், பிறகு அதைச் சந்தியில் கட்டிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள். தங்கள் காசைச் சேர்த்துத்தான் செய்தார்கள். இணையத்தில் தேடி முதலில் நான் எடுத்துக் காட்டிய படங்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "இது காணாது அண்ணே. பாக்கிறவன் வாய்க்குள்ள கிடக்கிற வெத்திலைய அந்த இடத்திலயே துப்ப வேணும்" என்றான் ஒருவன். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஒரு படம் கிடைத்தது. கன்னம் துளைத்துப் போய், வாய் மூடியிருக்கும்போதே பல் வெளியே தெரிகிற ஒரு மனிதர். பெடியன்கள் ஒரு கணம் பேசாமல் நின்றார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாய், "இதுதான்" என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: படத்தில் சிவப்பு கொஞ்சம் மங்கலாக இருந்தது, நான் கூட்டினேன். மேலே மஞ்சள் எழுத்தில் "வெற்றிலை மெல்லாதே!" கீழே வெள்ளையில் "உன் வாய் உனக்கு வேண்டாமா?" இந்த இரண்டாவது வரி என்னுடையது. அன்றைக்கு எனக்கு அதில் நல்ல பெருமை.

அடித்த பெனரை மை காய்வதற்காகக் கடைக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமா வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், என் அம்மாவின் மூத்த அண்ணன். காலையில் சந்தைக்குச் சைக்கிளில் வந்து, மீன் பையைக் கடை வாசலில் கொழுவிவிட்டு, என்னோடு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வாயில் எப்போதும் வெற்றிலை. பெனரின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். "பாவம் மனுசன். இது நல்லா முத்தினது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனக்கு உப்பிடி ஒண்டும் இல்லை. உள்ளுக்க ஒரு வெள்ளை மட்டும் கிடக்கு. இஞ்ச பார்" என்று ஒரு விரலைக் கடைவாயில் விட்டுக் கன்னத்தை இழுத்துக் காட்டினார்.

பார்த்தேன். உள்கன்னத்தில், கீழ்ப் பல் வரிசைக்குப் பக்கத்தில், ஒரு பெருவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாய் ஒன்று. ஓரம் ஒழுங்கில்லாமல், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் போல. "வெத்திலை போடுற இடமெல்லோ, சுண்ணாம்பு பட்டிருக்கும்" என்றார் மாமா.

"ஓம் மாமா, சுண்ணாம்புதான்" என்றேன்.

அந்த மூன்று சொல்லைத்தான் இவ்வளவு வருடமாய் மென்றுகொண்டிருக்கிறேன். எனக்கு முதுகுப் பக்கம் வாய்ப் புற்றுநோய் பற்றிய எட்டடிப் பெனர் தொங்குகிறது. அதைச் செய்தவன் நான். முழு இரவும் அந்த நோயின் படங்களைப் பார்த்தவன் நான். அந்த நோயின் தொடக்கம் என் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கிறது, எனக்கு அது தெரியவில்லை. நான் மட்டும் என்று இல்லை. அந்தப் பெனரை ஆயிரம் பேர் பார்த்திருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதில் அது இல்லை.

சுரண்டினால் போகாத வெள்ளை

எட்டு மாதம் கழித்து மாமி போன் எடுத்தார். மாமாவுக்கு உறைப்புச் சாப்பிட ஏலாதாம், மீன் குழம்பைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறாராம், வாயும் முந்தின மாதிரித் திறபடுகிறதில்லையாம். பல் வைத்தியரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பஞ்சுத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அதன் ஓரத்தில் இப்போது ஒரு சிவப்பும் சின்னதாய் ஒரு புண்ணும் இருந்தன. "எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த வைத்தியர் அன்றைக்குச் சொன்னவை, பின்னால் நானே தேடி வாசித்தவை எல்லாம் சேர்ந்து ஒரு தாளின் அரைப் பக்கத்துக்குக்கூட வராது. வாய்க்குள் துடைத்தாலும் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அல்லது சிவப்புத் திட்டு. இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண். உறைப்புப் பட்டால் எரிவு. வாய் கொஞ்சம் கொஞ்சமாய்த் திறபடாமல் போவது. மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கினால் வாய்க்குள் போக வேண்டும், போகாவிட்டால் காட்ட வேண்டும். முக்கியமானது, தொடக்கத்தில் நோகாது. எல்லா வெள்ளையும் புற்றுநோயாகிவிடாது, ஆனால் எது ஆகும் எது ஆகாது என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு துண்டு சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்றும்: புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் வெற்றிலையும் போடுகிறவருக்கும் இது வரும். பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சேர்த்துவிட்டது. "நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று இன்றைக்கும் என் கடையில் வந்து சொல்கிறவர்கள் உண்டு. இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான்.

இதில் ஒரு வரிகூட எங்கள் பெனரில் இல்லை. நாங்கள் போட்டது நோயின் கடைசிப் பக்கம். மாமா அதைத் தன் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு அது என்ன சொல்லும்? நீ இன்னும் அங்கே வரவில்லை என்று சொல்லும். நிம்மதியாய் வீட்டுக்குப் போ என்று சொல்லும். பயங்காட்டப் போட்ட படம் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த மனுசன், கயிறு எந்த இடத்தில் நைந்தால் அறும் என்று பார்த்துப் பழகியவர். நைந்த இடத்தைக் காட்டியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். நான் அறுந்து விழுந்த பாரத்தைக் காட்டினேன்.

யேல் மாணவருக்குக் கொடுத்த வரைபடம்

மாமாவை மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாட்களில் இரவு ரயிலில் நித்திரை வராது. அந்த நேரங்களில்தான் போனில் இதைப்பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பயங்காட்டி மனிதரைத் திருத்தலாமா என்ற கேள்வி எனக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை என்று தெரிந்தது. 1953இலேயே அமெரிக்காவில் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் துலக்குவது பற்றி மூன்று விதமாகப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். சொத்தைப் பல், அழுகின ஈறு என்று அதிகம் பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம் கலங்கினார்கள். சொன்னபடி அதிகம் செய்தவர்களோ மிகக் குறைவாகப் பயமுறுத்தப்பட்டவர்கள்.

ஆனால் என்னை எழுப்பி உட்கார வைத்தது இன்னொன்று. 1965இல் வெளிவந்த ஆய்வு. லெவந்தால் என்பவரும் கூட்டாளிகளும் யேல் பல்கலைக்கழக இறுதி வருட மாணவர்களிடம் செய்தது. ஏற்புவலிக்கு (டெட்டனஸ்) எதிரான தடுப்பூசியைப் போட வைக்க வேண்டும். சிலருக்குக் கொடூரமான வண்ணப் படங்களோடு ஒரு சிறு புத்தகம், சிலருக்குச் சாதுவான புத்தகம். படங்களைப் பார்த்தவர்கள் நன்றாகவே பயந்தார்கள், ஊசி போடத்தான் வேண்டும் என்றும் சொன்னார்கள். போய்ப் போட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். சில பிரதிகளில் மட்டும் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்: சுகாதார நிலையத்தைச் சுழித்துக் காட்டிய ஒரு வளாக வரைபடம், ஊசி போடும் நேரங்கள், உன் நாளில் எப்போது போவாய் என்று யோசித்து வைத்துக்கொள் என்று ஒரு வேண்டுகோள். அதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் போனார்கள். புத்தகம் கொடூரமானதா சாதுவானதா என்பது அந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், இறுதி வருட மாணவனுக்குத் தன் வளாகத்தில் சுகாதார நிலையம் எங்கே என்று தெரியாமலா இருக்கும்? வழி தெரியாததால் அவர்கள் போகாமல் இருந்ததில்லை. எழுந்து போவதற்கு ஒரு நேரமும் ஒரு இடமும் கையில் கொடுத்தபோது போனார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பயங்காட்டும் புத்தகம் எதுவும் இல்லாமல் வழியை மட்டும் காட்டியதும் பலன் தரவில்லை. கொஞ்சம் பயம் வேண்டித்தான் இருந்தது.

அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதிர்ச்சிப் படமே கூடாது என்று எழுதிவிட்டுப் போகலாம், சிலர் கை தட்டவும் கூடும். ஆனால் அது சரியில்லை. 2015இல் 127 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்த ஒரு கணிப்பு, பயங்காட்டும் விளம்பரம் பொதுவாக வேலை செய்கிறது என்றுதான் சொன்னது. அதே கணிப்பில் இன்னொரு வரி: ஒருமுறை செய்தால் போதும் என்கிற காரியத்துக்கு அது கூடுதலாக வேலை செய்கிறது, தினம் தினம் செய்ய வேண்டியதற்கு அவ்வளவாக இல்லை. இதை வாசித்தபோது ரயில் எங்கேயோ இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. மாமா எதிர் இருக்கையில் சால்வையால் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். "வெற்றிலை மெல்லாதே" என்பது தினம் இருபது தரம் தோற்கக்கூடிய காரியம். ஐம்பது வருடப் பழக்கம் அது. செத்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வெற்றிலை வட்டாவை நீட்டினால் எடுக்காமல் விடுவது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறைக்கு அது வெறும் பழக்கம்கூட இல்லை. "ஒருநாள் வாயைக் காட்டு" என்பது ஒரே ஒரு காலை. நாங்கள் கேட்டது முதலாவதை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. கீழே ஒரு மூலையில், கிளினிக் நடக்கும் கிழமையையும் நேரத்தையும் போட இடம் இருந்தது. அங்கே நான் என் கடையின் போன் நம்பரைப் போட்டிருந்தேன்.

மண்டையோடு

பயம் வேலை செய்து நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் தலைமுறைக்கு விழிப்புணர்வு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடுதான். மூன்று மொழியிலும் மிதிவெடி என்று எழுதியிருக்கும். சமாதான காலத்தில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது முகமாலைப் பக்கம் பஸ்ஸின் இரண்டு யன்னலிலும் அந்தப் பலகைகள் ஓடிக்கொண்டே வரும். பஸ் நின்றால் ஒண்ணுக்குப் போகக்கூட ஒருவரும் தார் விளிம்பைத் தாண்ட மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வந்து படிப்பித்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, தெரியாமல் உள்ளே போய்விட்டால் வந்த காலடியிலேயே திரும்பி வா, பெரியவர்களிடம் சொல். இன்றைக்கும் ஒரு சொல் தப்பாமல் சொல்வேன்.

அந்த மண்டையோடு எங்கள் பெனரைவிடப் பயங்கரமானது இல்லை. நாலு கோட்டில் சின்னப் பிள்ளையும் வரைந்துவிடும். ஆனால் அது ஆபத்து இருக்கிற அதே இடத்தில் நின்றது. பயந்த கண்ணுக்குப் பக்கத்திலேயே செய்ய வேண்டியதும் இருந்தது: இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில். என் பெனர் சந்தியில், மூன்று சக்கர வண்டிகள் நிற்கும் வேலிக்கு மேலே, யாருடைய வாய்க்கும் சம்பந்தமில்லாத உயரத்தில் தொங்கியது. எங்கள் நகருக்குள் திரியும் மான்கள் அடியில் நிழலுக்கு வந்து படுத்துக் கிடந்தன. வெளியூர்க்காரர் மான்களைப் படம் எடுத்தபோது அந்த வாயும் பின்னால் விழுந்திருக்கும். ஓட்டோக்கார அண்ணன் ஒருவர் என்னிடம், "தம்பி, உதை எப்ப கழட்டுவீங்க? சாப்பிட ஏலாமக் கிடக்கு" என்று கேட்டார். கேட்கும்போது அவர் வாயில் வெற்றிலை இருந்தது.

சிகரெட் பெட்டியிலும் இதே கதைதான். பெட்டியின் 80 வீதத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்று இலங்கையில் ஒழுங்குவிதி வந்து, வழக்கு நடந்து, நீதிமன்றத்தில் அளவு குறைந்து, பிறகு 2015இல் பாராளுமன்றத்தில் சட்டத்தையே திருத்தி அந்த 80 வீதத்தை மீட்டார்கள். அது சின்ன வெற்றி இல்லை. அழகான பெட்டி என்கிற கவர்ச்சியை அது உடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் கடைக்கு எதிரே உள்ள பெட்டிக் கடையில் முழுப் பெட்டி வாங்குகிறவரை நான் கண்டது குறைவு. ஒன்று, இரண்டு என்று தனியாகத்தான் வாங்குவார்கள். பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள் முதலாளியின் பக்கம் பார்த்தபடி இருக்கும். அலுமாரிக் கம்பியில் ஒரு லைற்றர் நூலில் தொங்கும். வாங்குகிறவர் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி போய்விடுவார். நாள் முழுக்க அந்த அழுகின நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கடை முதலாளி. அவர் சிகரெட் பிடிக்கிறதில்லை.

அந்த மனிதர் யார்

மாமாவுக்குக் கன்னத்தில் ஒரு பகுதியும் தாடை எலும்பில் கொஞ்சமும் எடுத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சை. உயிர் தப்பிவிட்டார், இப்போதும் இருக்கிறார். சோற்றைக் குழையப் பிசைந்து ரசத்தோடு சாப்பிடுகிறார். முகம் ஒரு பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்கு வந்து முதல் கொஞ்ச மாதம் வெளியே போகவேயில்லை. ஒருநாள் கட்டாயப்படுத்திப் பஸ்ஸில் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்சீட்டில் தாயின் தோளில் இருந்த பிள்ளை ஒன்று மாமாவைப் பார்த்துவிட்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. தாய் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திரும்புகையை நான் முந்தியே பார்த்திருக்கிறேன். சந்தியில், என் பெனருக்குக் கீழே, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் திரும்பினார்கள். இப்படியான முகத்தைக் கண்டால் முகம் திருப்ப வேண்டும் என்று ஊருக்குப் பழக்கியதில் என் பங்கும் உண்டு.

1987இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் எய்ட்ஸ் பற்றி ஒரு விளம்பரம் வந்தது. கறுப்பு அங்கியும் அரிவாளுமாக வரும் சாவு, பந்தை உருட்டி மனிதரை வரிசையாய் வீழ்த்தும். ஒரு சின்னப் பெண்பிள்ளையும் அதில் விழும், கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாயும் விழுவாள். எய்ட்ஸ் பற்றி நாட்டையே பேச வைத்தது என்று இன்றும் அதைப் புகழ்கிறவர்கள் உண்டு. பார்த்தவர்கள் சாவு என்று அந்த அங்கிக்காரனை நினைக்கவில்லை, நோய் வந்தவர்களையே நினைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை வாசித்தபோது அந்தப் பஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கோயிலுக்கு ஏறும் வழியில், கோட்டை வாசலுக்குள் மான்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். மாமாவின் பேச்சு இப்போது தெளிவில்லை, பழகினால்தான் விளங்கும். "மருமோன், அண்டைக்குப் படத்தில இருந்தவர் எந்த ஊர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அவரிட்டக் கேட்டுத்தானே போட்டனீ?" நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. சால்வையைத் தூக்கித் தாடையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெனரைத் தேடினேன். சந்தியில் இல்லை. நல்ல தடித்த பெனரை இந்த ஊரில் யாரும் வீணாக்குவதில்லை, மழைக்கு முந்தி எதையாவது மூடிவிடும். கடைசியில் கடற்கரையில் ஒரு வள்ளத்தின் எஞ்சினைச் சுற்றிக் கட்டியிருந்ததைக் கண்டேன். படத்தை உள்பக்கமாக மடித்துக் கட்டியிருந்தார்கள். வெறும் வெள்ளையாய் முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. மடங்கி வெளியே வந்திருந்த ஒரு மூலையில் என் போன் நம்பர்.

இப்போது ஒரு சின்னத் தாள் செய்து வைத்திருக்கிறேன். கொப்பித் தாளில் பாதி அளவு. சுத்தமான ஒரு வாய், உள்கன்னத்தில் நகம் அளவு வெள்ளை, பக்கத்தில் மூன்று விரலின் கோட்டுப் படம், சுரண்டினால் போகுதா பார் என்று ஒரு வரி, காட்ட வேண்டிய இடமும் கிழமையும். முன்பு வந்த அதே பெடியன்களில் ஒருவனிடம் காட்டினேன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இதைப் பாத்து யார் நிப்பாங்க?" என்றான். நியாயமான கேள்வி. சவர்க்கார விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. தேநீர்க் கடைகளில் ஒட்டினேன். சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் அதன்மேல் டியூஷன் விளம்பரம் ஏறிவிட்டது.

தாளைவிட மாமாதான் கூட வேலை செய்கிறார். பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில், கடலோரக் கட்டில், பழைய துறைமுகக் கூட்டாளிகள் நாலைந்து பேர் வந்து இருப்பார்கள். ஒருநாள் கடை பூட்டிவிட்டு வரும்போது பார்த்தேன். மாமா போன் லைற்றை ஏற்றி ஒருவரின் வாய்க்குள் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றக் கையால் அவரின் கன்னத்தை இழுத்து, அன்றைக்கு எனக்குக் காட்டிய அதே மாதிரி. பக்கத்தில் இருந்தவர் தன் முறைக்கு வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாமவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்டும் இல்லை. நாளைக்குப் பாப்பம்" என்றார். மாமா லைற்றை அணைக்காமல் அவர் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டார்.